என் கையிலும் பட்டையைச் சுற்றினார்

மாமியாருக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம் ஆகிறது. புரட்டிப் படுக்க வைப்பது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் நான்தான். எனக்குத் தலைசுற்றல் வந்தும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. காலையிலேயே போய் ஓபி வரிசையில் நின்றால் அத்தையை யார் பார்ப்பது?

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஓர் அக்கா வீட்டுக்கே வந்து அத்தைக்கு பிபி பார்ப்பார். போன வாரம் கிளம்பும்போது என் முகத்தைப் பார்த்தவர், "நீயும் உட்காரும்மா" என்று என் கையிலும் பட்டையைச் சுற்றினார். 160க்கு 100. பேசாமல் இன்னொரு முறை காற்றடித்துப் பார்த்தார். அதேதான்.

திட்டத்தை நடத்துபவர்களே, படுத்திருப்பவரின் பெயரை எழுதும்போதே பார்த்துக்கொள்பவரின் பெயரையும் எழுதுங்கள். நான் டாக்டரிடம் போய்வரும் இரண்டு மணி நேரம் அத்தையோடு இருக்க ஓர் ஆளும் வேண்டும். சரி, நாளைக்குப் பக்கத்து வீட்டு அக்கா வந்து உட்காருகிறேன் என்றிருக்கிறார். போகிறேன்.