சின்னரி வரைந்த படகு வீடுகளைத் தேடி மக்காவ் நகரில்

சீனாவின் தென்கரையில் இருக்கும் மக்காவ் என்றால் எல்லோரும் சூதாட்ட விடுதிகளைத்தான் சொல்வார்கள். நான் போனது ஜார்ஜ் சின்னரி என்ற ஓவியருக்காக. லண்டனில் பிறந்தவர். 1802-ல் சென்னைக்கு வந்து, இங்கே அலையில் தத்தளிக்கும் மசூலாப் படகுகளையும் மீனவர்களையும் வரைந்தவர். அப்புறம் வங்காளம். அங்கே கடன் கழுத்தை நெரிக்க, 1825-ல் மக்காவுக்குப் போய்விட்டார். 1852-ல் இறக்கும்வரை அதுதான் அவருக்கு ஊர்.

பிழைப்புக்கு வணிகர்களின் உருவப்படங்கள் வரைந்தார். எனக்கு அவற்றைவிடப் பெரிதாகப் படுபவை, படகையே வீடாகக் கொண்ட தாங்கா மக்களை அவர் பென்சிலில் பிடித்த சித்திரங்கள். கரைவாசிகள் இவர்களைத் தாழ்வாகத்தான் நடத்தினார்கள். கரையில் குடியேறலாம் என்று 1729-லேயே சீனப் பேரரசர் ஆணை போட்டும் அந்த ஒதுக்கல் தீரவில்லை.

மக்காவ் கலை அருங்காட்சியகத்தில் அவர் படைப்புகளின் சேகரிப்பு இருக்கிறது. ஒரு படத்தில், கடலுக்கு உதவாத பழைய படகைக் கரையேற்றி, முட்டுக்கொடுத்து, மேலே பாய்க்கூரை போட்டுக் குடியிருக்கிறது ஒரு குடும்பம். இன்னொன்றில், தலையில் துணி கட்டிய பெண் வெறுங்காலை ஊன்றித் துடுப்பு வலிக்கிறாள், முதுகில் குழந்தை. முகத்தில் இரண்டு கோடுதான். உடம்பின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்பது மட்டும் அவ்வளவு துல்லியம்! அவளைப் பரிதாபத்துக்குரியவளாகக் காட்டவில்லை, அழகுப் பொம்மையாக்கவும் இல்லை. தொழில் தெரிந்தவளாகப் பார்த்திருக்கிறார். தாள்களின் ஓரத்தில் கர்னி முறைச் சுருக்கெழுத்தில் குறிப்புகள் வேறு எழுதிவைப்பார்.

ஜூல் இத்தியே என்ற பிரெஞ்சுக்காரர் மக்காவைப் புகைப்படம் எடுத்தது 1844-ல்தான். அதற்கு முந்தைய கரையோர வாழ்க்கையைக் கண்ணால் பார்க்க நமக்கு இந்தக் கோடுகளை விட்டால் அதிகம் இல்லை. படம் வரையச் சொல்லிக் காசு கொடுத்த வணிகர்களின் பெயர்கள் பத்திரமாக இருக்கின்றன. துடுப்பு வலித்த பெண்களில் பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது. அது மனசை உறுத்துகிறது.

அவர் வரைந்த பிரயா கிராண்டி வளைகுடா இப்போது வளைகுடாவாக இல்லை. கடலைத் தூர்த்து, மிச்சத்தை ஏரியாக அடைத்துவிட்டார்கள். சின்னரியின் கல்லறை கமோயிஸ் பூங்காவை ஒட்டிய பழைய புராட்டஸ்டன்ட் இடுகாட்டில். அதைப் பார்த்த கையோடு ஆ-மா கோயிலுக்கும் போய்விடுங்கள். கடலோடிகளைக் காக்கும் தாயின் கோயில் அது, சின்னரியும் வரைந்திருக்கிறார்.