தண்ணீர்க் குழாயும் தனி உறுப்பு இணையும்

பல்லடம், 3 பிப்ரவரி 2025

கோவையில் முதுகலை வேதியியல் படிக்கும் தங்கை மகள் இன்று தோட்டத்துச் சாளைக்கு வந்திருந்தாள். "மாமா, சில வேதிவினைகளின் போக்கைக் காந்தப்புலம் மாற்றும் என்கிறார்கள். ஆனால் நம் ஊரில் பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய 40 மைக்ரோடெஸ்லாதான். அது ஓர் எலக்ட்ரானுக்குத் தரும் ஆற்றலைவிட, அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றல் 50 இலட்சம் மடங்குக்கும் மேல். அத்தனை அற்பமான புலம் ஒரு வினையை எப்படித் திருப்பும்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி, அப்போது அரைகுறையாகத்தான் விடை சொன்னேன்.

5 பிப்ரவரி

வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்தபோது விடை தெளிந்தது. மடை திருப்புகிறவன் தண்ணீரைத் தள்ளுவதில்லை. அது எந்தப் பாத்திக்குப் போக வேண்டும் என்பதை மட்டும் தீர்மானிக்கிறான். ஒரு மூலக்கூறு ஒளியால் பிளந்து இரண்டு தனி உறுப்புகளாகும்போது (இவ்விரண்டும் சேர்ந்ததே தனி உறுப்பு இணை), இரண்டிலும் இணையாகாத எலக்ட்ரான் ஒவ்வொன்று இருக்கும். அந்த எலக்ட்ரான்களைச் சிறு காந்தங்களாக்கும் தற்சுழற்சிகள் ஒன்றையொன்று ஈடுசெய்யும் ஒற்றை நிலையில் இருந்தால்தான் தனி உறுப்புகள் மீண்டும் பிணைய முடியும், ஈடுசெய்யாமல் சேர்ந்து நிற்கும் மும்மை நிலையில் இருந்தால் பெரும்பாலும் பிரிந்து போகும். அணுக்கருக்களின் சிறு காந்தங்கள் இந்த இரு நிலைகளுக்கு இடையே இணையை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. வெளிப்புலம் அந்த மாற்றத்தின் வேகத்தையும் வழியையும் திருத்துகிறது. வெப்ப மோதல்கள் தற்சுழற்சியை எளிதில் குலைப்பதில்லை என்பதால், ஆற்றல் கணக்கு இங்கே குறுக்கே வருவதில்லை. காலக் கணக்குத்தான் வரும்: 40 மைக்ரோடெஸ்லாவில் எலக்ட்ரானின் தற்சுழற்சி அச்சு புலத்தை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய ஒரு மைக்ரோநொடி ஆகும், அதற்குள் கலைந்துவிடும் இணைக்குப் பூமியின் புலம் தெரியவே தெரியாது.

9 பிப்ரவரி

ஒளிபட்டால் பிளக்கும் டைபென்சைல் கீட்டோன் என்ற கரிமச் சேர்மத்தின் சோதனையைப் பற்றி அவளுக்கு எழுதினேன். மும்மை நிலையில் பிறக்கும் அதன் துண்டுகள் சாதாரணக் கரைப்பானில் சீக்கிரமே விலகிவிடும். சோப்பு மூலக்கூறுகள் கூடி உருவாகும் நுண்திரள்களுக்குள் அடைபட்டாலோ, ஒற்றை நிலைக்கு மாறுவதற்கு அவகாசம் கிடைக்கும். அங்கே காந்தத்தை வைத்தால் மும்மை நிலையின் மூன்று கிளைகளில் இரண்டு, ஆற்றலில் ஒற்றை நிலையிலிருந்து விலகுவதால், அதற்கு மாறுவது கடினமாகிறது. ஆகவே மீளப் பிணைவது குறைகிறது. இதைவிட அழகானது, கார்பன்-13 அணுக்கரு, சாதாரணக் கார்பனின் அணுக்கருவுக்கு இல்லாத தன் காந்தத்தால் இணையை விரைவில் மாற்றிவிடுவதால், எஞ்சும் கீட்டோனில் கார்பன்-13 செறிந்துவிடுவது.

16 பிப்ரவரி

பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி, போர்வெல் குழாயில் காந்தம் மாட்டினால் சொட்டுநீர்க் குழாயில் உப்புப் படியாதென்று யாரோ சொன்னதாகவும், அதற்கு இந்த விஞ்ஞானம் சான்றாகுமா என்றும் கேட்டார். ஆகாது என்றேன். கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து படிவது அயனிகளின் வேலை. அங்கே இணையாகாத எலக்ட்ரானும் இல்லை, பிரிந்து சேரும் இணையும் இல்லை. காந்தத்துக்குக் கொடுக்கும் பணத்தில் அமிலம் வாங்கிக் குழாயைக் கழுவச் சொன்னேன்.