பிள்ளையின் ஜீவனாம்ச பாக்கி: பல வருடம் கழித்துக் கேட்கும்போது

பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் தர வேண்டும் என்று 2016இல் உத்தரவு. சில மாதம் வந்தது, பிறகு நின்றுபோனது. பிள்ளை இப்போது பிளஸ் டூ முடித்துவிட்டது. பாக்கியைக் கேட்டால் எதிர்த்தரப்பிலிருந்து பெரும்பாலும் மூன்று பதில்கள்தான் வரும். கையில் கொடுத்துவிட்டேன். பிள்ளை அப்போது என்னிடம்தான் இருந்தது. ஒரு வருடம் தாண்டிவிட்டது, இனிக் கேட்க முடியாது. முதல் இரண்டும் சாட்சியத்தில் தீர வேண்டியவை. மூன்றாவதுதான் மனுவை ஆரம்பத்திலேயே கவிழ்ப்பது.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125(3) பிரிவு, தொகை செலுத்தத் தக்கதான நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போடாவிட்டால் அந்தத் தொகையை வசூலிக்க வாரண்ட் கிடையாது என்கிறது. 1-7-2024 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144(3) இருக்கிறது. ஒரு வருடக் கெடு மாறவில்லை. இதைப் படித்துவிட்டு, ‘பழைய பாக்கியெல்லாம் போச்சும்மா’ என்று வழக்குக் கட்டை மூடிக் கொடுக்கும் வக்கீல்களும் உண்டு. அது தவறு. தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில் – தாய்க்கும் மகனுக்கும் தலா 300 ரூபாய், 1993 முதல் பாக்கி – 2013இல் வந்த தீர்ப்பு தெளிவானது: ஒரு வருடக் கெடு வாரண்ட் என்ற குறுக்குவழியைத்தான் அடைக்கிறது, பணத்தைப் பெறும் உரிமையை அழிப்பதில்லை, சிவில் வழி திறந்தே இருக்கிறது. (2013) 10 எஸ்.சி.சி. 618 என்ற தீர்ப்புத் தொகுப்பு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் வந்த (2005) 4 எஸ்.சி.சி. 468 இன்னும் கைகொடுக்கும். முதல் மனு கெடுவுக்குள் போடப்பட்டு நிலுவையில் இருந்தால், அதன்பின் சேர்ந்த பாக்கியை அதே மனுவில் இடைமனுவாக, அதாவது நடுவே போடும் துணை மனுவாக, கேட்கலாம். ஒவ்வொரு வருடமும் புது மனு போட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஆகவே முதல் வேலை கணக்குப் போடுவது அல்ல. பழைய மனு ஏதாவது இருக்கிறதா, அதன் கதி என்ன ஆயிற்று என்று தேடுவது.

அசல் வழக்கு எம்.சி. (ஜீவனாம்ச வழக்கு) எண்ணில் இருக்கும், பாக்கி வசூல் மனு பெரும்பாலும் கிரிமினல் எம்.பி. (இதர மனு) எண்ணில் தனியாக ஓடியிருக்கும். இ-கோர்ட்ஸ் தளத்தில் ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண் தெரிந்தால் அதை வைத்தும், தெரியாவிட்டால் கட்சிக்காரர் பெயர், வருடத்தை வைத்தும் தேடலாம். மிகப் பழையவை ஏறியிருக்காது. அப்போது கோர்ட்டில் பதிவேட்டைப் பார்க்கக் கேட்க வேண்டும். குடும்ப நல நீதிமன்றம் பிற்பாடு வந்த மாவட்டங்களில், மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடந்த கட்டு அங்கே மாற்றப்பட்டுப் புது எண் பெற்றிருக்கும்; பழைய எண்ணை வைத்துத் தேடி ‘அப்படி ஒரு கேஸே இல்லை’ என்ற பதிலோடு திரும்பி வருவது இதனால்தான். கிடைத்ததும் உத்தரவு, பாக்கி மனு, அதன் ஒவ்வொரு வாய்தாவின் குறிப்பு ஆகியவற்றுக்கு நகல் மனு போட்டு, சான்றிட்ட நகலாக வாங்குங்கள். ஜெராக்ஸ் போதாது.

பழைய மனுவின் முடிவு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நிலுவையில் இருந்தால் அதிர்ஷ்டம். மனுதாரர் வராததால் தள்ளுபடி என்றிருந்தால், தாமதத்துக்குக் காரணம் சொல்லி மீண்டும் கோப்பில் எடுக்கக் கேட்கலாம். இந்த நடவடிக்கைக்கு சிவில் சாயல் உண்டு என்பதால் ஏற்றுக்கொண்ட தீர்ப்புகள் இருக்கின்றன. ‘வாரண்ட் நிறைவேறாமல் திரும்பியது, மனு முடிக்கப்பட்டது’ என்றிருந்தால், பணம் பெற்றதாக அதற்குப் பொருள் இல்லை என்பதை மனுவின் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ‘முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்’ என்று மெமோ கொடுத்து முடித்திருந்தால் அந்தத் தேதி வரை கதை முடிந்தது. சமரசம் பேசும் அவசரத்தில், 20,000 ரூபாயை வாங்கிக்கொண்டு இப்படிக் கையெழுத்துப் போட்டவர்கள் ஏராளம்.

எந்தப் பிரிவின் கீழ் மனு போடுவது என்பதிலும் தடுக்கும். 1-7-2024க்கு முன் நிலுவையில் இருந்தவை பழைய சட்டப்படியே நடக்கும். அதன்பின் போடும் புது மனுவுக்குப் புதுப் பிரிவு. மாற்றி எழுதினால் கோர்ட் அலுவலகம் குறை குறித்துத் திருப்பும், இரண்டு வாரம் வீணாகும்.

இனிக் கணக்கு. உத்தரவில் எந்தத் தேதியிலிருந்து என்று இருக்கிறது என்பதைப் பாருங்கள். உத்தரவுத் தேதியிலிருந்தும் தரலாம், மனுத் தேதியிலிருந்தும் தரலாம். எதுவும் சொல்லாவிட்டால் உத்தரவுத் தேதி. (மனுத் தேதியிலிருந்துதான் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் நெறிப்படுத்தியது, பழைய உத்தரவுகளில் பலவிதமாக இருக்கும்.) உதாரணமாக, மனு 10-3-2014, உத்தரவு 14-6-2016, மனுத் தேதியிலிருந்து மாதம் 4,000 என்றால், 10-6-2016 வரை 27 மாதம், 1,08,000 ரூபாய். உத்தரவு வருவதற்கு முன் இதை யாரும் கேட்டிருக்க முடியாது. ஆகவே இந்தத் தொகைக்கு ஒரு வருடக் கெடு உத்தரவு தேதியிலிருந்துதான் என்று வாதிட வேண்டும். அதன்பின் வரும் ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனிக் கெடு.

நோட்டில் மாதம் ஒரு வரி: எந்த மாதம், வர வேண்டியது, வந்தது, வந்த தேதி, வந்த விதம், மீதி. தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்து உத்தரவு இருந்தால் இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். தாய் மறுமணம் செய்திருக்கலாம், அவருடைய தொகை ரத்தாகியிருக்கலாம்; பிள்ளையின் பங்கு அதோடு போவதில்லை. இடைக்கால ஜீவனாம்சம், விவாகரத்து வழக்கில் தனியாக வந்த தொகை ஆகியவற்றை இரண்டு முறை எண்ணிவிடாதீர்கள். ஒரு மாதம் தவறாக ஏறினால் குறுக்கு விசாரணையில் அந்த ஒரு மாதத்தைப் பிடித்துக்கொண்டு மொத்தக் கணக்கும் பொய் என்பார்கள். வட்டி சேர்க்காதீர்கள், இந்தப் பிரிவில் வட்டிக்கு இடமில்லை.

இடையிடையே வந்த பணம் எந்த மாதத்துக்கு என்பதும் சண்டையாகும். ஒப்பந்தச் சட்டத்தின் 59 முதல் 61 வரையிலான பிரிவுகளை இங்கே வாதமாக எடுக்கலாம். கொடுப்பவர் எந்தக் கடனுக்கு என்று சொல்லிக் கொடுத்தால் அதற்கு; சொல்லாவிட்டால் வாங்குபவர் விருப்பம், கெடு கடந்த பாக்கியில்கூட வரவு வைக்கலாம்; இருவரும் சொல்லாவிட்டால் பழையதிலிருந்து வரிசையாக. 2021இல் திடீரென்று வந்த 30,000 ரூபாயை 2017 பாக்கியில் வரவு வைத்தால் சமீபத்திய மாதங்கள் கெடுவுக்குள் உயிரோடு நிற்கும். நல்ல வக்கீல்களே இதைக் கவனிக்காமல் விடுவதுண்டு.

‘கையில் கொடுத்தேன்’ என்பதை நிரூபிக்கும் பொறுப்பு கொடுத்ததாகச் சொல்பவருக்கு. ரசீது, மணியார்டர் துண்டு, வங்கிப் பதிவு, வாட்ஸப் செய்தி எதுவானாலும் அவர்தான் காட்ட வேண்டும். ஆனாலும் வாங்கியவர் தன் பாஸ்புக் முழுவதையும் தாக்கல் செய்துவிடுவது நல்லது. மறைத்த ஒரு வரவு பின்னால் வெளிப்பட்டால் மீதி எதையும் நீதிபதி நம்பமாட்டார். வங்கிகள் பதிவுகளைக் குறைந்தது ஐந்து வருடம் வைத்திருக்கக் கடமைப்பட்டவை. அதற்கு முந்தையது கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதனால் ஸ்டேட்மெண்ட் கேட்டு இன்றே கிளையில் எழுதிக் கொடுங்கள், முத்திரையும் சான்றும் சேர்த்துக் கேளுங்கள். பள்ளிக் கட்டணம் கட்டினேன், சைக்கிள் வாங்கித் தந்தேன் என்பதெல்லாம் தானாகக் கழியாது. உத்தரவு மாதம் பணம் தரச் சொன்னது. பிள்ளை அப்பாவிடம் இருந்தது என்று சொன்னால் பள்ளிப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ், ரேஷன் கார்டு ஆகியவை பதில் சொல்லும். உண்மையிலேயே இருந்திருந்தால் அந்த மாதங்களை நீங்களே விட்டுவிடுங்கள்.

வாரண்ட் வழி அடைபட்ட பாக்கிக்கு சிவில் வழி. இரண்டு நிலைமைகள் உண்டு. விவாகரத்துத் தீர்ப்பிலோ சிவில் வழக்கிலோ பிள்ளைக்குத் தொகை நிர்ணயித்திருந்தால், காலவரம்புச் சட்டம் 136ஆவது இனப்படி (ஆர்ட்டிக்கிள்) தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் மனுவுக்கு 12 வருடம்; ஒவ்வொரு மாதத் தவறுக்கும் அது தவறிய நாளிலிருந்து தனியாக ஓடும். 125 உத்தரவு மட்டும் இருந்தால் பாக்கிக்கு சிவில் வழக்கு. இந்துக்களின் ஜீவனாம்ச பாக்கிக்கு 105ஆவது இனப்படி மூன்று வருடம். மூன்றா என்று பயப்பட வேண்டாம். பிள்ளை மைனராக இருந்த காலத்தில் சேர்ந்த பாக்கிக்கு, அதே சட்டத்தின் 6, 8 பிரிவுகள் 18 வயது முடிந்தபின் மூன்று வருடம் தருகின்றன. 21ஆவது பிறந்தநாள்தான் சுவரில் எழுதி வைக்க வேண்டிய தேதி. இந்தச் சலுகை பிள்ளையின் பங்குக்கு மட்டும். தாயின் பங்குக்குக் கிடையாது. கணக்கை இரண்டு பத்தியாகப் பிரிக்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

பிள்ளைக்கு 18 வயதான பிறகு, அதற்காகத் தாய் கையெழுத்துப் போட்டால் செல்லாது. மைனர் மேஜரானதைக் குறிப்பிட்டுத் தலைப்பைத் திருத்தும் மனு, பிள்ளையின் பெயரில் புது வக்காலத்து இரண்டும் வேண்டும். மகனுக்கு 18 வயதோடு மாதத் தொகை நிற்கும். அதுவரை சேர்ந்த பாக்கி நிற்கும் இடத்திலேயே நிற்கும். திருமணமாகாத இந்து மகளுக்கு, தன்னைப் பராமரித்துக்கொள்ள முடியாத நிலை இருந்தால், 1956ஆம் ஆண்டின் தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம் 20(3)இன் கீழ் தனியாகக் கேட்க உரிமை உண்டு. ‘பிள்ளையின் ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுக்கிறேன்’ என்று பரஸ்பர விவாகரத்தில் தாய் எழுதிக் கொடுத்தது பிள்ளையைக் கட்டுப்படுத்தாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மனு ஏற்கப்பட்டபின் சிக்குவது வாரண்டில். அபராதம் வசூலிப்பது போல அசையும் சொத்தை ஜப்தி செய்யலாம், அல்லது நில வருவாய் பாக்கி போல வசூலிக்கக் கலெக்டருக்கு அனுப்பலாம். ‘ஆள் அந்த முகவரியில் இல்லை’ என்று திரும்பி வருவது வழக்கம். ஆகவே மனுவிலேயே இப்போதைய முகவரி, எந்தக் காவல் நிலைய எல்லை, வேலை செய்யும் இடம், வண்டி எண், நிலத்தின் கிராமம், சர்வே எண் எல்லாம் இருக்க வேண்டும். பட்டா நகலும் வில்லங்கச் சான்றும் இணைக்க வேண்டும். நோட்டீஸ் போனதும் தம்பி பெயருக்கு தானசெட்டில்மெண்ட் எழுதியிருந்தால் வில்லங்கச் சான்றில் தெரிந்துவிடும். கடன்காரரை ஏய்க்கச் செய்த மாற்றத்தை ரத்து செய்யக் கேட்க சொத்து மாற்றுச் சட்டம் 53 இருக்கிறது. சம்பளக்காரர் என்றால் சிவில் நிறைவேற்று மனு வலுவானது. ஜீவனாம்சத் தீர்ப்புக்குச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் ஜப்தியிலிருந்து விலக்கு. வெளிநாட்டில் இருப்பவருக்கு வாரண்ட் நிலுவையில் இருந்தால், அதைப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் கவனத்துக்குக் கொண்டுபோகலாம். பாஸ்போர்ட் சட்டம் 10(3)(எச்) அதை முடக்க இடம் தருகிறது.

ஜெயில் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. உள்ளே போய் வந்தால் பாக்கி தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. சிறை என்பது கட்ட வைக்கும் வழி. கட்டியதற்குச் சமம் அல்ல என்று 1988லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒவ்வொரு மாதத் தவறுக்கும் ஒரு மாதம் வரை என்பது பிரிவின் வாசகம். ஒரு மனுவுக்கு மொத்தமே ஒரு மாதம்தான் என்று 1999 தீர்ப்பு ஒன்றைக் காட்டுவார்கள். வேறு விதமாகப் படித்த உயர் நீதிமன்றங்களும் இருக்கின்றன.

எதிர்த்தரப்பில் இருப்பவருக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் ஆஜராகாமல் வந்த ஒருதலைப்பட்ச உத்தரவை நீக்கக் கேட்க மூன்று மாதம்தான். வேலை போனது, உடல்நலம் கெட்டது என்றால் தொகையைக் குறைக்கத் தனி மனு போட வேண்டும்; அது இனி வரும் மாதங்களுக்குத்தான், சேர்ந்துவிட்ட பாக்கியை அழிக்காது. ஒப்புக்கொள்ளும் பகுதியை, எந்த மாதங்களுக்கு என்று குறிப்பிட்டு, கோர்ட்டில் கட்டிவிட்டு மீதிக்குச் சண்டை போடுவதுதான் வாரண்டைத் தள்ளிப்போடும்.

பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம், தொலைபேசி 15100. லோக் அதாலத்தில் முடிப்பதாக இருந்தால் அதன் முடிவு சிவில் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. தவணைத் தேதிகள், செலுத்த வேண்டிய வங்கிக் கணக்கு, ஒரு தவணை தவறினால் மொத்தமும் உடனே கட்ட வேண்டும் என்ற வரி, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரையிலான பாக்கி என்ற விவரம் எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று வரி வரியாகப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.