ஹட்டன் குளிருக்கு ஒரு பாலிஷரும் ஆறு பேடும்

மச்சானுடைய கறுப்பு ஆக்சியோவின் பொனட்டில் போன் டார்ச்சை அடித்துப் பார்த்த அன்றுதான் எனக்கு வண்டிக்கு மெஷினால் பாலிஷ் போடுகிற இந்த வேலையில் பிடிப்பு வந்தது. வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாய்க் கீறல். வண்டியைக் கொஞ்சம் நகர்த்தினால் அலை அலையாய் இன்னொரு தடம். பொனட் ஓரத்து மடிப்பில் ஒரு விரல் நீளத்துக்கு கிளியர் கோட்டே, அதாவது நிறத்துக்கு மேல் இருக்கிற தெளிவான படலமே இல்லை, அடிப் பெயின்ட் வெளுத்துப்போய்க் கிடந்தது. ஒரு இடத்தில் கட் அண்ட் பாலிஷ், அதாவது கீறலை அராவி மினுக்குகிற வேலை, போட்டுக்கொண்டு வந்த வண்டி அது. ரோட்டரி மெஷினை அந்த மடிப்பில் கொஞ்ச நேரம் கூடுதலாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் நடந்திருக்கும். ஆனால் போன கிளியர் கோட் திரும்பி வராது.

கிளியர் கோட் என்பது பெரும்பாலான வண்டிகளில் 40, 50 மைக்ரோன் கனம்தான், தலைமுடி ஒன்றை விட மெல்லிசு. ஒவ்வொரு பாலிஷிலும் அதில் கொஞ்சம் போகிறது. 2020 மார்ச்சில் இலங்கையில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது, திறந்த பிறகும் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் நாங்கள் இருக்கிற வண்டியைத்தான் இன்னும் பத்து வருடம் ஓட்டியாக வேண்டும். அந்த மெல்லிய படலத்தைக் காப்பாற்றுகிற மாதிரி மெஷின் வாங்க வேண்டும் என்பதுதான் என் கணக்கு.

அதனால் முதல் மெஷினாக ரோட்டரி வேண்டாம் என்று சொல்கிறேன். அது ஒரே அச்சில் சுற்றும், நீங்கள் அழுத்தினாலும் நிற்காது, சூடு ஒரே இடத்தில் ஏறும். கை தேர்ந்தவர்களிடம் அது நல்ல ஆயுதம், மறுக்கவில்லை. டியூவல் ஆக்‌ஷன் என்கிற ஆர்பிட்டல் பாலிஷர் அப்படியில்லை. ஸ்பொஞ்ச் மாதிரியான பேட் ஒட்டுகிற தட்டு ஒரு சின்ன வட்டப்பாதையில் ஓடிக்கொண்டே தன்னைத்தானும் சுற்றும், ரொம்ப அழுத்தினாலோ வளைவில் மாட்டினாலோ அந்தச் சுற்று நின்றுவிடும். அந்த நிற்கிற குணம்தான் பெயின்டைக் காப்பாற்றுகிறது. கிரைண்டரில் ஸ்பொஞ்சை மாட்டி அடிப்பதை இங்கே இரண்டு மூன்று கராஜில் பார்த்திருக்கிறேன். நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை ஓடுகிற சாமான் அது, தயவு செய்து உங்கள் வண்டிக்குக் கிட்ட விடாதீர்கள்.

கடையில் 8, 15, 21 மி.மீ. என்று ஒரு எண் சொல்வார்கள். தட்டு ஓடுகிற அந்த வட்டப்பாதையின் அகலம் அது. 21 பெரிய பொனட்டிலும் வேன் கூரையிலும் சீக்கிரமாக வேலையை முடிக்கும், ஆனால் வளைவில் சுற்று நின்று நின்று போகும். எங்கள் பக்கம் ஓடுவது ஆல்டோ, வேகன் ஆர், விட்ஸ், அப்புறம் ஆட்டோ. எங்கே தட்டையான இடம் இருக்கிறது? நான் 15 மி.மீ., 5 அங்குலத் தட்டு எடுத்தேன், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். பம்பருக்கும் கண்ணாடிக் காலுக்கும் 3 அங்குலச் சின்ன மெஷின் ஒன்று பிறகு வாங்கிக்கொள்ளலாம், அவசரமில்லை.

வாங்கும்போது மெஷினில் ஒட்டியிருக்கிற வோல்ட் தகட்டைக் கட்டாயம் படியுங்கள். நம் நாட்டில் 230 வோல்ட், கனடாவில் 120, ஜப்பானில் 100. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் அனுப்பினார், ஜப்பான் பழைய சாமான் மலிவாகக் கிடைத்தது என்று அப்படியே பிளக்கில் சொருகினால் மோட்டார் எரிந்து போகும்.

சரி, பேட். கையில் இருக்கிற காசை மெஷினுக்கே கொட்டிவிட்டு ஒரே ஒரு பேடோடு வீட்டுக்கு வருகிறவர்கள்தான் அதிகம், பெயின்டைத் தொடுவது பேட்தான் என்பது அப்புறம்தான் புரிகிறது. கட்டிங், பாலிஷிங், ஃபினிஷிங் என்று ஃபோமில் மூன்று தரம், கெட்டியிலிருந்து மெதுவு வரை. நிறத்தை நம்பி மட்டும் வாங்காதீர்கள். லேக் கன்ட்ரி என்கிற கம்பெனியின் பழைய வரிசையில் மஞ்சள் என்றால் நல்ல கெட்டியான கட்டிங் பேட், ரூபெஸ் கம்பெனியில் மஞ்சள் என்றால் மெதுவான ஃபைன் பேட். ஒன்றுக்குப் பதில் மற்றதை வைத்தால் கதையே மாறிவிடும். விரலால் அழுத்திப் பாருங்கள், உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.

பேட் தட்டை விட அரை அங்குலமாவது பெரிதாக இருக்க வேண்டும், 5 அங்குலத் தட்டுக்கு 5½. சரிசமமாக இருந்தால் தட்டின் ஓரம் ஒருநாள் பெயின்டில் இடிக்கும். கனம் குறைவான பேட் நல்லது, தடித்த பேட் மெஷினின் ஆட்டத்தை ஃபோமுக்குள்ளேயே தின்றுவிடும். நடுவில் ஓட்டை உள்ளது கிடைத்தால் அதை எடுங்கள், சூடு முதலில் சேர்கிற இடம் அந்த நடுதான். மைக்ரோஃபைபர் பேட் வேகமாக வெட்டும், ஆனால் பின்னால் ஒரு மங்கலை விட்டுப் போகும், இன்னொரு தரம் ஃபோம் போட்டே ஆக வேண்டும். ஜப்பான் வண்டிகளின் மெதுவான பெயின்டுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது.

தட்டின் பக்கவாட்டில் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். வேலை செய்யும்போது அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரியும், கோடு ஒரே இடத்தில் நின்று நடுங்கினால் பேட் வெட்டவில்லை, வெறும் சூடுதான் ஏறுகிறது. அப்போது அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், இல்லை மெஷினைச் சாய்த்துப் பிடித்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். மச்சான் வண்டியின் பின் கதவு வளைவில் அந்தக் கோடு நின்று நின்று ஓடியதைப் பார்த்துத்தான் என் கை பழகியது.

இனி எங்கள் ஊர்ச் சங்கதி. காலை ஏழு மணிக்கு வெளியே நிற்கும் வண்டியைத் தொட்டுப் பார்த்தால் கூரை முழுக்கப் பனித்துளி, துடைத்தால் ஐந்து நிமிடத்தில் மறுபடி பூக்கும். அதன் மேல் கொம்பவுண்ட் என்கிற பாலிஷ் பசையைப் போட்டால் அது வழுக்குமே தவிர வெட்டாது. நான் பத்து மணிக்கு முன்னால் மெஷினைத் தொடுவதில்லை. தோட்டத்து ரோட்டில் தேயிலைச் செடி உரசுகிற வண்டிகளுக்குக் கதவில்தான் காயம், நகத்தில் மாட்டுகிற கீறல் என்றால் விட்டுவிடுங்கள், அதைத் துரத்திக்கொண்டு போனால் கிளியர் கோட் தீர்ந்துவிடும். நுவரெலியா ரோட்டில் இறங்கி ஏறுகிற வண்டியின் சில்லுக்குப் பக்கத்தில் பிரேக் தூள் மணல் மாதிரி ஒட்டியிருக்கும், கழுவிவிட்டு கிளே பார் என்கிற களிமண் மாதிரிக் கட்டியால் தேய்த்து அதை எடுக்காமல் பேடை வைத்தால் நாமே கீறுகிறோம்.

எத்தனை பேட் என்று கேட்பீர்கள். கட்டிங் இரண்டு, பாலிஷிங் மூன்று, ஃபினிஷிங் ஒன்று, ஆகக் குறைந்தது ஆறு. ஒரே பேடில் முழு வண்டியையும் முடித்தால் ஃபோம் நனைந்து சூடாகித் தொய்ந்துவிடும், பின்னால் வெல்க்ரோ கழன்று வரும். கொழும்பில் என்றால் கழுவிப் போட்ட பேட் மறுநாள் காய்ந்துவிடும். இங்கே மழை மாதத்தில் மூன்று நாள் ஆகும், அடுப்புப் பக்கம் வைத்துக் காய வைக்கலாமே என்று நினைக்காதீர்கள், பசை விட்டுவிடும். நான் வெளித் திண்ணையில் கம்பி வலை ஒன்றைக் கட்டி முகம் கீழே பார்க்கிற மாதிரி வைக்கிறேன். போன சனிக்கிழமை கழுவியதில் இரண்டு இன்னும் ஈரம், அக்கா வீட்டு ஆல்டோ அடுத்த வாரம்தான்.