மாப்பிள்ளையின் எச்-இண்டெக்ஸ்

ஆன்டெனா ஆராய்ச்சியில் இருக்கும் என் அத்தை மகன், தன் எச்-இண்டெக்ஸ் 20ஐத் தொட்டுவிட்டதாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தான். குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 20 இருக்கின்றன என்று பொருள். 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு இது. தங்கச்சிமடத்துப் பெரியப்பா உடனே கேட்டார்: “மாப்பிள்ளை, அதனால் நம் படகுக்கு என்ன லாபம்?”

பயல் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

ஜிபிஎஸ் கருவிகள் பலவற்றைத் திறந்தால் உள்ளே ஒரு சதுரப் பீங்கான் வில்லை இருக்கும். மேலே வெள்ளிப் பூச்சு, நடுவிலிருந்து சற்றுத் தள்ளிப் பற்றவைத்த ஒரு புள்ளி. அதுதான் ஆன்டெனா. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் அனுப்பும் 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 19 செ.மீ.; இவ்வகை ஆன்டெனாவுக்கு அதில் ஏறக்குறையப் பாதியாவது வேண்டும். பீங்கானுக்குள் அலை சுருங்குவதால் 2.5 செ.மீ. போதுமானதாகிவிடுகிறது. இந்த வகைக்கான யோசனையை டெஷாம்ப்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் சொன்னது 1953இல். புழக்கத்துக்கு வந்தது 1970களில். இடைப்பட்ட காலத்தில் எச்-இண்டெக்ஸ் பார்த்திருந்தால் அவருக்குப் பதவி உயர்வே கிடைத்திருக்காது!

கச்சத்தீவுப் பக்கம் இரவில் எல்லைக்கோடு கண்ணுக்கா தெரிகிறது? அந்த வில்லையை நம்பித்தான் படகைத் திருப்புகிறார்கள்.

இதையெல்லாம் விளக்கியதும் பெரியப்பா சமாதானமானார். உப்புக்காற்றில் பச்சை பூத்துப்போன வயர்லெஸ் ஆன்டெனா இணைப்பைப் பொங்கலுக்கு வரும்போது மாப்பிள்ளையே சரிசெய்து தரட்டும் என்கிறார். குழுவில் இன்னும் நீலக்குறி விழவில்லை.