சூடாகும் வண்டி என்ற பெயரோடு வந்த வண்டி

இந்த வண்டி என் கைக்கு வரும்போதே சூடாகும் வண்டி என்ற பெயரோடுதான் வந்தது. முந்தைய உரிமையாளர் ரேடியேட்டரை மாற்றியிருந்தார், வாட்டர் பம்பை மாற்றியிருந்தார், ஹோஸ்களையும் மாற்றியிருந்தார். ரசீதுகள் எல்லாம் கோப்பில் ஒழுங்காக இருந்தன. அத்தனைக்குப் பிறகும் மண்பாதையில் மெதுவாக ஏறினால் வெப்ப ஊசி சிவப்புக் கோட்டை நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது. ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், பெல்ட்டால் சுழலும் விசிறி, நான்கு சக்கரங்களும் இழுக்கும் அமைப்பு, கணினி எதுவும் இல்லாத காலத்து வண்டி. எனக்கு இதன் மேல் பெரும் பிரியம். அதனால்தான் இன்னொரு புதுப் பாகத்தை வாங்கிப் பூட்டுவதற்கு முன், கோளாறு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே தீர வேண்டும் என முடிவு செய்தேன்.

எஞ்சின் சூடாவது ஒரே நோய் அல்ல. எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் வழியாக வெப்பமாக வெளியேற வேண்டியிருக்கிறது. அந்த வெப்பம் பல கை மாறுகிறது. முதலில் உலோகத்திலிருந்து கூலன்டுக்கு, பிறகு பம்பின் தள்ளலில் ரேடியேட்டருக்கு, அங்கே தகடுகளுக்கு, கடைசியில் காற்றுக்கு. எந்த இடத்தில் தடை விழுந்தாலும் டேஷ்போர்டில் தெரிவது ஒரே ஊசியின் ஒரே ஏற்றம்தான். ஆகவே எவ்வளவு சூடாகிறது என்பதைவிட எப்போது சூடாகிறது என்பதே எனக்கு முக்கியமாகப் பட்டது.

ஒரு நோட்டுப் புத்தகத்தை வண்டியிலேயே வைத்துக்கொண்டேன். வேகம், கியர், ஏற்றமா சமதளமா, ஏசி ஓடுகிறதா, வெளிக்காற்றின் வெப்பம் எவ்வளவு என்று எழுதினேன். வெளிக்காற்றைக் குறிப்பது வீண் வேலை அல்ல. காற்று 24 டிகிரி செல்சியஸாக இருக்கும் காலையில் கிடைக்கும் 98 டிகிரியும், 36 டிகிரி மதியத்தில் கிடைக்கும் 98 டிகிரியும் ஒன்றாகாது. கூலன்டுக்கும் காற்றுக்கும் உள்ள இடைவெளியைத்தான் ஒப்பிட வேண்டும். பக்கங்கள் சேரச் சேர இரண்டு தனித்தனிச் சூழல்கள் தெளிவாயின. லோ ரேஞ்சில், அதாவது இழுவை கூடி வேகம் குறையும் கியர் அமைப்பில், மெதுவாக ஊர்ந்து ஏறும்போது ஊசி விரைவாக ஏறியது. நெடுஞ்சாலையில் சமதளத்தில் அமைதியாக இருந்தது; ஆனால் நீண்ட ஏற்றத்தை வேகமாக ஏறினால் அங்கேயும், சற்று நிதானமாக, ஏறியது. பொதுவாக, மெதுவாகப் போகும்போது மட்டும் சூடானால் காற்றோட்டத்தில் குறை. வேகத்திலும் பளுவிலும் சூடானால் கூலன்டின் ஓட்டத்தில் குறை. என் வண்டி இரண்டையும் காட்டியது. ஒரே காரணத்தைத் தேடினால் அகப்படாது என்ற சந்தேகம் அப்போதே எழுந்தது.

ஊசி சொல்வது உண்மையா என்று முதலில் பார்க்க வேண்டும். பழைய வண்டிகளில் எஞ்சினுக்கும் சேசிக்கும் இடையிலான எர்த் வயர் துருப்பிடித்துக் கிடந்தால் ஊசி தவறாகக் காட்டும். ஹெட்லைட்டையும் ஹீட்டர் விசிறியையும் போட்டவுடன் ஊசி துள்ளுகிறதா என்று பார்த்தேன், லேசாகத் துள்ளியது. எர்த் இணைப்புகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கியதும் துள்ளல் நின்றது, ஏற்றம் நிற்கவில்லை. அகச்சிவப்பு வெப்பமானியைத் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறும் வரை ரேடியேட்டர் வழியை மூடி வைக்கும் வால்வு) கூட்டின் மீது காட்டினால் அதுவும் ஊசிக்கு ஒத்துப்போனது. இந்தக் கருவியைப் பளபளக்கும் உலோகத்தின் மீது நேரடியாகக் காட்டினால் குறைவான எண்ணே கிடைக்கும். மேற்பரப்பில் கறுப்பு டேப் ஒட்டி, அதன் மேல் அளக்க வேண்டும்.

அடுத்து என்னைப் பயமுறுத்திக்கொண்டிருந்த ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சினுக்கும் அதன் மேல் மூடியான சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு. அது போயிருந்தால் சிலிண்டருக்குள் எரிந்த வாயு கூலன்டில் கலந்து, குமிழிகளாக ரேடியேட்டருக்கு வரும். அதைக் கண்டுபிடிக்க ஒரு நீலத் திரவச் சோதனை இருக்கிறது. ரேடியேட்டரின் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து, அங்கே எழும் ஆவியைத் திரவத்தின் வழியே இழுத்தால், எரிந்த வாயுவில் உள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டு நீலம் மஞ்சளாக மாறும். எஞ்சினை நன்றாகச் சூடேற விட்டுச் செய்தேன். நீலம் நீலமாகவே இருந்தது. ரேடியேட்டர் மூடியையும் அழுத்தக் கருவியில் பூட்டிப் பார்த்தேன். என் வண்டிக்கு 0.9 பார் அழுத்தத்தைப் பிடிக்கும் மூடி. இந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காது. மூடி அழுத்தத்தைப் பிடிக்கவில்லை என்றால் 100 டிகிரியிலேயே கொதித்து வெளியே தள்ளும். அதனால்தான் சூடான எஞ்சினின் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விட்ட அந்த நொடியில் உள்ளே இருப்பது ஆவியாகப் பொங்கி முகத்திலும் கையிலும் பாயும். எவ்வளவு அவசரமானாலும், ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டால் கை தாங்கும் வரை காத்திருங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

மூடி சரி. இக்னிஷன் டைமிங்கும், அதாவது தீப்பொறி விழும் நேரமும், சரி. டைமிங் பின்தங்கியிருந்தாலும் எஞ்சின் வீணாகச் சூடாகும் என்பதால் அதையும் பார்த்துவிட்டு நகர்ந்தேன்.

தேடலுக்கு உண்மையான திருப்பம் தந்தவை வெப்பத்தை அளக்கும் இரண்டு தெர்மோகப்பிள் கம்பிகள். ஒன்றை ரேடியேட்டருக்குள் நுழையும் மேல் ஹோஸின் மீதும், மற்றொன்றை வெளியேறும் கீழ் ஹோஸின் மீதும் கட்டி, மேலே பஞ்சு சுற்றி, கம்பிகளை வண்டிக்குள் கொண்டுவந்து ஒரு சின்னத் திரையில் இணைத்தேன். ஹோஸின் மேற்பரப்பு உள்ளே ஓடும் கூலன்டைவிடச் சில டிகிரி குறைவாகத்தான் காட்டும். அதனால் பாதகமில்லை, எனக்கு வேண்டியது இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம். மேலும் கீழும் கிட்டத்தட்ட ஒரே சூடாக இருந்தால், ரேடியேட்டருக்கு வந்த வெப்பத்தைக் காற்று எடுத்துச் செல்லவில்லை என்று பொருள். மேலே மிகச் சூடாகவும் கீழே மிகக் குளிர்ச்சியாகவும் இருந்தால், காற்று தன் வேலையைச் செய்கிறது, கூலன்ட்தான் போதுமான அளவு ரேடியேட்டருக்கு வரவில்லை என்று பொருள்.

மெதுவான ஏற்றத்தில் மேலே 104, கீழே 99. நெடுஞ்சாலை ஏற்றத்தில் மேலே 102, கீழே 68. ஒரே வண்டி, இரண்டு வேறு வியாதிகள். அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல.

காற்றுப் பக்கத்தை முதலில் எடுத்துக்கொண்டேன். முன்னால் நின்று பார்த்தால் எல்லாம் சுத்தமாகத்தான் தெரிந்தது. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏசி கண்டென்சரின் பூட்டுகளைத் தளர்த்தி, வாயுக் குழாய்களை அவிழ்க்காமல் சற்று முன்னுக்கு இழுத்தபோதுதான் அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சேறும் புல்விதையும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கெட்டியாகப் படிந்திருப்பது தெரிந்தது. மண்பாதையில் ஓடும் எந்த வண்டிக்கும் இந்த இடுக்கு ஒரு பொறி. பிசுக்கு நீக்கும் திரவத்தை ஊறவிட்டு, எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, குறைந்த வேகத் தண்ணீரால் கழுவினேன். அழுத்தமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும். பிறகு அந்த இடத்தில் காற்றே போகாது.

அடுத்தது, விசிறியைச் சுற்றி ரேடியேட்டரோடு பூட்டியிருக்கும் விசிறி உறை. யாரோ இந்த வண்டிக்குப் பாடி லிஃப்ட் செய்திருக்கிறார்கள். பாடியை உயர்த்தினால் அதோடு பூட்டிய ரேடியேட்டரும் உறையும் மேலே போகும், எஞ்சினோடு பூட்டிய விசிறி கீழேயே நிற்கும். விசிறி உரசாமல் இருக்க உறையின் அடிப்பகுதியை அறுத்து எறிந்துவிட்டார்கள். உறை இல்லாத இடத்தில் விசிறி ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல், எஞ்சின் அறையில் ஏற்கெனவே சூடான காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும். உறையைக் கீழே இறக்கிப் பூட்டத் தகடு வெட்டி, அறுபட்ட பகுதிக்கும் புதுத் தகடு வைத்தேன். விசிறியின் இதழ்கள் ஏறத்தாழப் பாதி உறைக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்குமாறு பார்த்துக்கொண்டேன். ரேடியேட்டரின் ஓரங்களில் காணாமல் போயிருந்த ரப்பர் பட்டைகளையும் வைத்தேன். இவை யார் கண்ணிலும் படாத சிறு பொருள்கள். ஆனால் வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது சூடான காற்று முன்னால் திரும்பி வராமல் தடுப்பவை இவையே.

பிறகு விஸ்கஸ் கிளட்ச். விசிறியின் நடுவே உள்ள இந்த வட்டப் பெட்டிக்குள் சிலிக்கோன் திரவம் இருக்கிறது. முன்பக்கத்தில் உள்ள இரட்டை உலோகச் சுருள் ரேடியேட்டரிலிருந்து வரும் காற்றின் சூட்டை உணர்ந்து, சூடு ஏறியதும் திரவத்தை உள்ளே விட்டு விசிறியை எஞ்சினோடு பிணைக்கும். திரவம் கசிந்துவிட்டால் விசிறி சுழலும், ஆனால் இழுக்காது. அது சுழல்வதைக் கண்ணால் பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது. எஞ்சின் நன்றாகச் சூடானதும் அதை நிறுத்தி, சாவியையும் எடுத்துவிட்டு விசிறியைக் கையால் தள்ளிப் பார்த்தேன். கனமாக எதிர்க்க வேண்டிய விசிறி தங்குதடையின்றிச் சுழன்றது. சுருளைச் சுற்றி எண்ணெய்க் கோடுகளும் இருந்தன. புதுக் கிளட்ச் போட்டு அதே ஏற்றத்தில், அதே கியரில், ஏறக்குறைய அதே வெயிலில் ஓட்டினேன். இப்போது ஒரு கட்டத்தில் விசிறி உறுமும் சத்தம் கேட்டது, ஊசி நின்றது, பிறகு மெல்ல இறங்கியது.

நெடுஞ்சாலை ஏற்றம் மட்டும் மாறவில்லை. கீழே 68 என்ற எண் அப்படியே நின்றது. கீழ் ஹோஸ் பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் இருப்பதால், அதிவேகத்தில் அது உள்வாங்கிச் சப்பிப்போகும் வாய்ப்பு உண்டு. நிமிடத்துக்கு 3000 சுற்றுகள் வரை எஞ்சினை விரட்டிப் பார்த்தேன், ஹோஸ் உருக்குலையவில்லை. ரேடியேட்டர் முழுவதையும் அகச்சிவப்பு வெப்பமானியால் வரி வரியாக அளந்தேன். உள்ளே அடைப்பு இருந்தால் அந்தக் குழாய்கள் மட்டும் குளிர்ந்த பட்டையாகத் தெரியும். அப்படி எதுவும் இல்லை, புது ரேடியேட்டர்தானே.

விடை கிடைத்தது ஒரு குளிர்ந்த காலையில், வண்டி சூடாகும் முன்பே. எஞ்சினைக் கிளப்பியதிலிருந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாதாரணமாக எஞ்சின் 80 டிகிரியைத் தாண்டும் வரை மேல் ஹோஸ் குளிர்ந்தே இருக்கும். தெர்மோஸ்டாட் திறந்ததும் ஒரேயடியாகச் சூடாகும். இங்கே முதல் நிமிடத்திலிருந்தே மேல் ஹோஸ் எஞ்சினோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சூடானது. எஞ்சின் பதமான சூட்டுக்கு வரவும் நெடுநேரம் எடுத்தது. கூட்டைத் திறந்தேன். உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை.

சூடாகும் வண்டிக்குத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி விடுவது பட்டறைகளில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். சில எஞ்சின்களில் அதனால் பெரிய கேடு வராது. ஆனால் என் எஞ்சினில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. மேல் தட்டு ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போது, அடித்தட்டு இறங்கி பைபாஸ் வழியை அடைக்கும். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான கூலன்டில் ஒரு பெரும்பகுதி ரேடியேட்டரை எட்டிப் பார்க்காமலேயே எஞ்சினுக்குள் திரும்பிவிடும். பக்கத்து மடை திறந்து கிடக்கும்போது வயலுக்குத் தண்ணீர் ஏறாது. விஸ்கஸ் கிளட்ச் கெட்டதால் வந்த சூட்டைக் குறைக்க யாரோ இதைக் கழற்றியிருக்க வேண்டும் என்று கருதுகிறேன். ஒரு கோளாறுக்குச் செய்த வைத்தியம் இன்னொரு கோளாறாகி, இரண்டும் சேர்ந்து பழைய ரேடியேட்டரையும் பழைய பம்பையும் பலி வாங்கியிருக்கின்றன. நல்ல பாகங்களை இப்படிக் குற்றவாளியாக்கித் தூக்கி எறிவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

இதே எஞ்சினுக்கு உரிய, அடித்தட்டு உள்ள 82 டிகிரி தெர்மோஸ்டாட்டை வாங்கினேன். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தும் அடித்தட்டு இல்லாத வகைகள் விற்கின்றன. அவற்றைப் போட்டால் பழைய கதைதான். பூட்டும் முன் ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்கி, சரியான இடத்தில் திறக்கிறதா என்று பார்த்தேன். அதில் உள்ள சிறு காற்றுத் துளை மேலே வரும்படி பொருத்தினேன். பாதிக்குப் பாதி கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் கலந்து, வண்டியின் மூக்கு மேடாக இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்து மெதுவாக நிரப்பினேன். உள்ளே காற்று தங்கிவிட்டால் அத்தனை சோதனையும் வீண். மறுநாள் குளிர்ந்த பிறகு மட்டம் சற்று இறங்கியிருந்தது; நிரப்பினேன்; அதன் பிறகு இறங்கவில்லை.

இப்போது நெடுஞ்சாலை ஏற்றத்தில் மேலே 91, கீழே 81. மண்பாதையில் ஊர்ந்தால் 95 வரை போகிறது, விசிறி உறுமுகிறது, 90-க்குத் திரும்புகிறது. முன்பு பட்ட சூட்டில் சிலிண்டர் ஹெட் வளைந்திருக்குமோ என்ற கவலை மட்டும் இருந்தது. நீலத் திரவச் சோதனையை மீண்டும் செய்தேன், நிறம் மாறவில்லை. தெர்மோகப்பிள் கம்பிகளை அவிழ்க்கவில்லை. அடுத்த கோடை முழுவதும் அவை அங்கேயே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். கீழ் ஹோஸுக்குள், அது சப்பிப்போகாமல் தாங்கும் சுருள் கம்பி இல்லை என்பதையும் கவனித்தேன். ரப்பர் தளர்வதற்கு முன், அடுத்த கூலன்ட் மாற்றத்தின்போது, கம்பி உள்ள ஹோஸாக மாற்ற வேண்டும்.