ஜோடி நடனப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு, நாலாவது சுற்று வரை போய் வந்தவள் எழுதுவது

டிவி ஜோடி நடனப் போட்டிக்கான ஆடிஷனுக்கு நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு தடவை போனோம். முதல் தடவை திருச்சியிலேயே 30 வினாடியில் பாட்டை நிறுத்தி, "தேங்க்யூ, போகலாம்" என்று சொல்லிவிட்டார்கள். மறு வருடம் தேர்வாகி சென்னைக்குப் போய், நாலாவது சுற்றில் வெளியேறினோம். அவர் எலக்ட்ரிக்கல் கடையில் வேலை பார்க்கிறார், எனக்குத் தையல். இரண்டு பேரும் முறையாக நடனம் படித்தவர்கள் இல்லை. இந்த வருடம் எங்கள் தெருவிலிருந்தே இரண்டு ஜோடிகள் கிளம்புகிறார்கள். அவர்களை உட்கார வைத்துச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2006ல் விஜய் டிவியில் 'ஜோடி நம்பர் ஒன்' வந்தது, அடுத்த வருடமே கலைஞர் டிவியில் 'மானாட மயிலாட'. இரண்டிலும் ஆடியவர்கள் பெரும்பாலும் சின்னத்திரை முகங்கள். பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டேனே தவிர, கடையிலும் தையல் மிஷினிலும் இருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு அப்படி ஒரு மேடை கிடைக்கும் என்று அப்போது நினைக்கவில்லை. 'மானாட மயிலாட' நடுவர் கலா மாஸ்டர் 'கெமிஸ்ட்ரி' என்று சொல்வதைக் கேட்டு, கணவன் மனைவிக்குள் அது தானாகவே இருக்கும் என்றுதான் நானும் நம்பினேன். முதல் ஆடிஷனில் கோட்டை விட்டது அந்த நம்பிக்கையால்தான். அந்த 30 வினாடியில் நாங்கள் ஒருவர் கையை ஒருவர் தொடவே இல்லை. ஆளுக்கொரு பக்கம் நின்று, ஒரே ஸ்டெப்பை அழகாகப் போட்டோம். பார்த்தவர்களுக்கு அது இரண்டு தனி ஆட்டம்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றிலிருந்து எட்டு வரை பீட்டை எண்ணுவதைத்தான் ஒரு 'எட்டு' என்போம். நிமிடத்துக்கு 120 பீட் ஓடும் பாட்டில் ஒரு எட்டு 4 வினாடி. ஒன்றரை நிமிடத்துக்கு வெட்டினால் மொத்தம் 22 எட்டுதான் கையில் இருக்கும். அதில் பாட்டின் முன்னிசைக்கு 4 எட்டைக் கொடுத்து போஸ் கொடுத்துக்கொண்டு நின்றால், 16 வினாடி போய்விடும். இரண்டாவது தடவை முன்னிசையைத் தூக்கிவிட்டு, சரணத்தின் நடுவிலிருந்து தொடங்கினோம். முதல் எட்டிலேயே கை பிடித்து ஒரு சுற்று. பாட்டை போனிலும் பென் டிரைவிலும் வைத்திருந்தோம். போனை ஃபிளைட் மோடில் போட்டுவிட்டுக் கொடுங்கள். எங்களுக்கு முன்னால் ஆடிய பையனுக்குப் பாட்டு நடுவில் அழைப்பு வந்து, மறுபடி முதலிலிருந்து ஆடவேண்டியதாகிவிட்டது.

கைபிடியைப் பற்றி நிறைய எழுதவேண்டும், ஏனென்றால் எங்களுக்கு அதிகம் நாள் பிடித்தது அதற்குத்தான். சல்சா என்கிற ஜோடி நடனத்தில் 1, 2, 3 காலடி, நாலில் நிறுத்தம். 5, 6, 7 காலடி, எட்டில் நிறுத்தம். ஒரே வாரத்தில் கால் பழகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு தடவை என்னைச் சுழற்றும்போதும் அவர் கட்டைவிரலால் என் புறங்கையை அழுத்திப் பிடிப்பார், பயிற்சி முடிந்தால் கையில் சிவப்பாகத் தடம் இருக்கும். "என்னங்க, கட்டைவிரலை எடுங்க" என்று நான் சொல்ல, "எடுத்தா நீ நழுவிடுவம்மா" என்று அவர் சொல்ல, இதே பேச்சுதான் தினமும்.

எங்களுக்கு ஆடச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் செய்தித்தாளிலிருந்து உள்ளங்கை அளவு ஒரு துண்டு கிழித்து, எங்கள் இரண்டு பேர் கைக்கும் நடுவில் வைத்தார். "பாட்டு முடியும்போது இது கீழ விழுந்திருக்கக் கூடாது, கசங்கியிருக்கவும் கூடாது" என்றார். முதல் நாள் முதல் எட்டிலேயே பறந்தது. மறுநாள் என் வீட்டுக்காரர் இறுக்கியதில் வியர்வையோடு சேர்ந்து கூழாகிவிட்டது. விரல்களைக் கொக்கி மாதிரி லேசாக மடக்கி, உள்ளங்கையால் உள்ளங்கையைத் தள்ளிக்கொண்டே ஆடினால்தான் காகிதம் நிற்கும் என்று எங்களுக்குப் புரிய 12 நாள் ஆனது. அதற்குப் பிறகு அவர் எந்தப் பக்கம் திருப்பப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டும் எனக்குத் தெரிந்தது. இதில் ஒன்றே ஒன்றுதான் பழக நேரம் இருக்கிறது என்றால் இந்தக் காகிதத்தைப் பழகுங்கள்.

லிஃப்ட், அதாவது ஜோடியை மேலே தூக்கும் ஸ்டெப், வைத்தே ஆகவேண்டும் என்று இல்லை. வைத்தால், தூக்குகிறவர் முழங்காலை மடக்கி, ஆளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு தூக்கவேண்டும். முதுகை வளைத்துத் தூக்கக் கூடாது. மேலே போகிறவரும் சும்மா இருக்க முடியாது. ஏழில் நான் குதிப்பேன், எட்டில் அவர் ஏற்றுவார். பின்னால் மூன்றாவது ஆள் ஒருவர் நிற்காமல் நாங்கள் ஒருநாளும் பழகியதில்லை. களைத்துப்போன இரவுகளில் லிஃப்டைத் தொடவே மாட்டோம். மொட்டை மாடியில் பழகுகிறவர்கள் ஷூ போட்டுக்கொள்ளுங்கள். வெறுங்காலோடு சிமென்ட் தளத்தில் மூன்று வாரம் குதித்து, எனக்கு முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி வந்து, பத்து நாள் வீணாகிவிட்டது.

கண்ணாடி பார்த்துப் பழகுகிறவர்கள் ஷூட்டிங்குக்கு ஒரு வாரம் முன்பே அதற்கு முதுகைக் காட்டித் திரும்பிவிடுங்கள். செட்டில் எதிரே கேமராவும் இருட்டும்தான் இருக்கும்.

எங்கள் செட் பூந்தமல்லியைத் தாண்டி இருந்தது. காலை 7 மணிக்கு வரச் சொன்னார்கள், நாங்கள் ஆடியது இரவு ஒன்பதரைக்கு. அந்தப் பதினாலரை மணி நேரமும் பரீட்சைதான். ஏசியில் உடம்பு விறைத்துப் போகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டோம். மதியம் போட்ட பிரியாணியை ஆசையாக இருந்தும் தொடவில்லை. இட்லி, வாழைப்பழம், தயிர்சாதம், இவ்வளவுதான். எல்இடி தரையில் வெளிச்சம் கீழேயிருந்து வருவதால் கால் எங்கே ஊன்றுகிறது என்று சட்டென்று தெரியாது. முந்தின ஜோடிக்கு டிரை ஐஸ் புகை போட்டிருந்தால் தரை ஈரமாகவும் இருக்கும். துடைக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். நாங்கள் கேட்டோம், உடனே துடைத்துக் கொடுத்தார்கள்.

இன்னொன்று, அவர் தனியாக ஆடும் இரண்டு எட்டில் நான் முடியைச் சரிசெய்துகொண்டிருந்தேன் என்பது ஒளிபரப்பில் பார்த்தபோதுதான் தெரிந்தது. உங்கள் ஜோடி தனியாக ஆடும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதையும் ஸ்டெப்பாகவே எழுதிவைத்துப் பழகுங்கள். கண் அவர் மேல் இருக்கவேண்டும்.

ஆடிஷனுக்கு யாராவது பணம் கேட்டால், வாட்ஸ்அப்பில் "செலக்ட் ஆகிவிட்டீர்கள், டெபாசிட் கட்டுங்கள்" என்று வந்தால், ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். சேனலின் சொந்தப் பக்கத்தில் அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் வீட்டில் வைத்து முழுக்கப் படியுங்கள். எத்தனை நாள் லீவு தேவைப்படும் என்று முதலாளியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். எங்கள் மகளை மாமியார் பார்த்துக்கொண்டதால்தான் நாங்கள் நிம்மதியாக ஆடினோம்.

நாலாவது சுற்றில் குத்துப்பாட்டு கொடுத்தார்கள். கேட்டதும் சந்தோஷப்பட்டோம், சின்ன வயதிலிருந்து திருவிழாவில் ஆடியதுதானே என்று. ஆனால் நம் பறையடிக் குத்து பெரும்பாலும் திஸ்ரத்தில், 'தகிட தகிட' என்று ஒவ்வொரு பீட்டும் மூன்றாகப் பிரிந்து ஓடும். நாங்கள் அத்தனை மாதமும் பழகியது 'தகதிமி' ஓட்டத்தில், பீட்டைச் சரிபாதியாக வெட்டி நடுவில் ஒரு காலடி வைக்கும் பழக்கம். திஸ்ரத்தில் அந்தப் பாதியில் அடியே கிடையாது, அது 'கி'க்குள் எங்கேயோ தொலைந்துவிடும். மூன்று நாளில் இரண்டு பேரும் "ஒன் அண்ட் டூ அண்ட்" என்றே எண்ணிப் பழகினோம். மேடையில் நான் பாட்டைக் கேட்டு இறங்கினேன், அவர் எண்ணிக்கையைக் கேட்டு இறங்கினார். மூன்றாவது எட்டில் என் கால் விழுந்த பிறகு அவர் கால் விழுந்தது. அதை நடுவர்கள் சொல்லுமுன்பே அவர் கை எனக்குச் சொல்லிவிட்டது, உள்ளங்கை சட்டென்று இறுகியது.

பாட்டு கையில் கிடைத்ததும் ஸ்டெப்பை யோசிக்காதீர்கள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, தொடையில் தட்டி, தகிடவா தகதிமியா என்று வாயால் சொல்லிப் பாருங்கள். இரண்டு வாயும் ஒன்றாக வந்த பிறகு எழுந்திருங்கள். அந்த நாலாவது சுற்றுப் பாட்டை ஊருக்கு வந்த பிறகு மாடியில் இப்படித்தான் மறுபடி எடுத்தோம். அவருடைய இடது கால் சரியான அடியில் வந்து விழ 15 நாள் ஆனது. விழுந்த இரவு பாட்டை நிறுத்தாமல் நாலு தடவை ஆடினோம், நடுவில் இருந்த காகிதம் கசங்கவில்லை.